லான் பவுல்ஸ் குழுச் சுற்றுலா: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லான் பவுல்ஸ் என்பது கிரீன் என்னும் சமதளத் தரையில் பவுல் என்ற கனமான உருண்டையை உருட்டி, ஜாக் என்ற சிறு பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம். அதை ஆடுகிறவர்களுக்கென்றே குழுச் சுற்றுலாக்கள் இருக்கின்றன. புறப்படுவது முதல் திரும்புவது வரை டூர் மேனேஜர் ஒருவர் கூடவே வருவார். விமானம், விடுதி, பேருந்து எல்லாவற்றையும் நிறுவனம் ஏற்பாடு செய்யும். நடுநடுவே அங்கிருக்கும் கிளப்புகளோடு நட்பு ஆட்டங்கள் நடக்கும். பணத்தைக் கட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் போதும் என்றுதான் விளம்பரத்தைப் பார்க்கும்போது தோன்றும். அப்படி இல்லை. பவுல்களின் எடை, ஷூவில் ஒட்டிய மண், காப்பீட்டில் ஒரு வரி, விசாவுக்கு ஒரு கடிதம் என்று எங்கெங்கோ போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவற்றை ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அலைந்துதான் நான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. விடுதியைப் பார்க்கும் முன் ஆட்ட அட்டவணையைக் கேளுங்கள்

விளம்பரத் தாளில் கடற்கரையும் நீச்சல் குளமும்தான் பெரிதாக இருக்கும். நீங்கள் போவது ஆடுவதற்கு. ஆகவே நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது ஆட்டங்களின் பட்டியல்: எந்தத் தேதி, எந்தக் கிளப், எத்தனை மணிக்கு, எந்த வகை ஆட்டம். எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் பின்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"ஆறு ஆட்டங்கள் வரை" என்று போட்டிருந்தால் அதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்கு நடந்தாலும் ஒப்பந்தப்படி அது சரியாகிவிடும். "ஆட்டங்கள் உறுதி செய்யப்பட்டவையா, இனிமேல்தான் கிளப்புகளிடம் கேட்கப் போகிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும்.

கூடவே கேட்க வேண்டியவை இன்னும் சில. மழை பெய்து ஆட்டம் நின்றால் மாற்று நாள் உண்டா, அல்லது உள்ளரங்கத்தில் ஆட வழி உண்டா? குழுவில் எல்லோருக்கும் சம அளவில் ஆட்டம் கிடைக்குமா? குழுவில் இருபது பேர் இருந்து, எதிரணிக் கிளப் நான்கு ரிங்க் (ஓர் ஆட்டத்துக்கென்று கிரீனில் பிரித்த பட்டை) மட்டும் ஒதுக்கினால், டிரிபிள்ஸ் ஆட்டத்தில் பன்னிரண்டு பேர்தான் இறங்க முடியும். மற்ற எட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கணக்கைப் பணம் கட்டும் முன்பே போட்டுப் பாருங்கள். டிரிபிள்ஸ் என்றால் ரிங்குக்கு மூன்று பேர், ஃபோர்ஸ் என்றால் நான்கு பேர். குழுவின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போக வேண்டும். மேலே ஓரிருவர் மாற்று ஆட்டக்காரர்களாக இருந்தால் போதும்.

இரண்டு வாரப் பயணத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம் என்பதுதான் என் கணக்கில் சரியான வேகம். அடுத்தடுத்த நாள்களில் ஆட்டமும் நடுவில் நீண்ட பேருந்துப் பயணமும் இருந்தால் இரண்டாவது வாரத்தில் முழங்காலும் முதுகும் பதில் சொல்லும். ஒரு நட்பு ஆட்டம் தேநீர் இடைவேளையோடு மூன்று நான்கு மணி நேரம் இழுக்கும். அதன் பிறகு சாப்பாடு, பேச்சு. மொத்தத்தில் ஒரு நாளே போய்விடும்.

2. எந்த மாதம், எந்த மாதிரி கிரீன்

பிரிட்டனில் வெளிப்புற ஆட்டப் பருவம் ஏப்ரல் இறுதியில் தொடங்கிச் செப்டம்பரோடு முடிகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் தலைகீழ்: செப்டம்பர், அக்டோபரில் சூடுபிடித்து மார்ச், ஏப்ரல் வரை போகும். வடக்கில் குளிர் அடிக்கும் மாதங்களில் ஸ்பெயினின் தெற்குக் கடற்கரை, போர்ச்சுகலின் அல்கார்வே, சைப்ரஸ் ஆகிய இடங்களுக்குக் குழுக்கள் போகின்றன. அங்கே பல கிளப்புகளில் புல்லுக்குப் பதில் செயற்கை விரிப்புதான் இருக்கும். பெரிய போட்டியைப் பார்த்துவிட்டு ஆடவும் ஆசை என்றால், உலக உள்ளரங்கப் போட்டி ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் ஹாப்டன்-ஆன்-சீயில் நடக்கும். காமன்வெல்த் போட்டிகள் நடந்த திடல்களில் கால் வைக்க விரும்புகிறவர்கள் கோல்டு கோஸ்ட்டின் பிராட்பீச் கிளப்பையோ இங்கிலாந்தின் ராயல் லெமிங்டன் ஸ்பா விக்டோரியா பார்க்கையோ பட்டியலில் தேடுவார்கள்.

மாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கிரீனின் வேகம். விட்ட பவுல் 27 மீட்டர் தொலைவில் போய் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அதன் அளவு. புதிதாக வருகிறவர்கள் இங்கே குழம்புவார்கள்: விநாடி கூடக்கூட கிரீன் வேகமானது. உராய்வு குறைந்த தரையில் மெல்லத் தள்ளினாலே போதும், பவுல் நிதானமாக நெடுநேரம் உருண்டு போகும். அதனால்தான் நேரம் கூடுகிறது. பிரிட்டனின் புல் கிரீன்களில் 10 முதல் 12 விநாடி சாதாரணம். நியூசிலாந்தின் கோடையில் 16-ஐத் தாண்டும். அங்கே பல இடங்களில் புல்லே கிடையாது, கோட்டுலா என்னும் படர்செடிதான் தரை. வேகமான கிரீனில் பவுல் அதிகம் வளையும். உங்கள் வழக்கமான கோட்டில் விட்டால் ஜாக்கைக் கடந்து குறுக்கே பக்கத்து ரிங்க் வரை போய்விடும். மெதுவான கிரீனிலிருந்து வேகமான கிரீனுக்குப் போகிறவர்கள் முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு பயிற்சி நேரம் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

3. விலைக்குள் எது அடங்கும், எது அடங்காது

தாளில் போட்டிருக்கும் தொகை, இருவர் ஓர் அறையில் தங்கும் கணக்கில் ஒருவருக்கானது. தனியாகப் போகிறவர்களுக்குத் தனி அறைக் கூடுதல் கட்டணம் உண்டு. அது சிறு தொகையாக இருக்காது. இன்னொரு தனி ஆட்டக்காரரோடு அறையைப் பகிர ஏற்பாடு செய்வார்களா என்று கேளுங்கள். பகிர ஆள் கிடைக்காவிட்டால் அந்தக் கூடுதல் கட்டணம் யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிறகு இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்டு" அல்லது "இல்லை" என்று நிறுவனத்திடமிருந்தே பதில் வாங்குங்கள்: கிரீன் கட்டணம், ஆட்டத்துக்குப் பிந்தைய சாப்பாடு, விடுதியிலிருந்து கிளப்புக்கும் திரும்பவும் பேருந்து, பயண உடைச் சட்டை, பவுல் வாடகை, விமானத்தில் கூடுதல் எடை, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் டிப்ஸ், ஆட்டம் இல்லாத நாள்களின் சுற்றிப் பார்க்கும் கட்டணம். கிரீன் கட்டணமும் ஆட்டச் சாப்பாடும் விலைக்குள் இல்லையென்றால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கையிலிருந்து போகும். பார்க்க மலிவாக இருக்கும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் இங்கேதான் விலை ஏறுகின்றன.

ஆடாத துணையோடு போகிறீர்கள் என்றால் அவருக்கும் அதே விலையா, ஆட்ட நாள்களில் அவருக்கு வேறு ஏற்பாடு உண்டா என்பது தனிக் கேள்வி. மூன்று நான்கு மணி நேரம் கிரீன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் விற்கப்படும், விமானமும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் பணம் கட்டியவுடன் அட்டால் சான்றிதழ் கையில் வர வேண்டும். நிறுவனம் திவாலானால் உங்கள் பணத்துக்கு அதுதான் பிடி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் வாங்கும் பேக்கேஜ்களுக்குச் சில உரிமைகள் சட்டத்திலேயே உண்டு: விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அபராதமின்றி நீங்கள் விலகலாம், புறப்பட 20 நாள்களுக்குள் விலையை ஏற்றவே முடியாது, உங்களால் போக முடியாமல் போனால் குறைந்தது 7 நாள்களுக்கு முன் சொல்லி, இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தரலாம், அதற்கான நியாயமான செலவை மட்டும் கேட்பார்கள். கடைசியாகச் சொன்னது கிளப் குழுக்களுக்குப் பெரிய உதவி, ஏனென்றால் மாற்று ஆள் கிளப்பிலேயே கிடைப்பார். வேறு நாட்டில் வாங்குகிறீர்கள் என்றால் அந்த நாட்டின் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. முன்பணம் கட்டும் அன்றே காப்பீடு

"கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்துக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். காப்பீட்டில் பயண ரத்துக்கான பகுதி, பாலிசி எடுத்த பிறகு நேர்வதற்குத்தான் பயன்படும். இடையில் உடம்புக்கு முடியாமல் போனால் கட்டிய முன்பணம் போனது போனதுதான். மீதித் தொகையைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பட இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கேட்கும். அதன்பின் ரத்து செய்தால் பிடித்துக்கொள்ளும் தொகை வாரத்துக்கு வாரம் ஏறி, கடைசி வாரங்களில் முழுத் தொகையையும் தொட்டுவிடும். அந்த ரத்துக் கட்டண அட்டவணையை அச்செடுத்து, காப்பீட்டுத் தாளோடு சேர்த்து வையுங்கள்.

பாலிசியில் தேட வேண்டிய வரிகள்: லான் பவுல்ஸ் ஆடுவதற்குக் காப்பு உண்டா, நட்பு ஆட்டம் மட்டுமா, போட்டியும் சேர்த்தா, உங்கள் பவுல் இன்னொருவர் காலில் பட்டால் அந்தப் பொறுப்பு அடங்குமா, பவுல்கள் தொலைந்தால் ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள், வயது வரம்பு உண்டா. வயது வரம்பைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் குழுக்களில் எழுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், சில பாலிசிகள் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் சிகிச்சை, மூட்டு மாற்று அறுவை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். கட்டணம் ஏறும் என்பது உண்மைதான். மறைத்தது தெரிந்தால், அந்த நோய்க்குத் தொடர்பில்லாத கோரிக்கையில்கூடச் சிக்கல் வரும். முன்பணத்துக்குப் பிறகு புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

5. பாஸ்போர்ட், விசா

திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பெரும்பாலான நாடுகளில் கேள்வி வராது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விதி கொஞ்சம் வேறு: பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

விசா வேண்டுமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. குழுவில் பத்துப் பேருக்கு வேண்டாம் என்பதால் உங்களுக்கும் வேண்டாம் என்று ஆகாது. விசா தேவைப்படாதவர்களுக்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் மின்னணு முன்அனுமதி கேட்கின்றன. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு வரை. அந்தக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கோடைக்கால நேர்காணல் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டுத் தாளும் அதோடு வைக்க வேண்டும். பயணத்தில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் சேர்ந்தே வந்தால் இரண்டு தனி அனுமதிகள் வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. நடுவில் வெளியே போய் மறுபடி ஷெங்கனுக்குள் வருகிறீர்கள் என்றால், பலமுறை நுழையும் விசா வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

விண்ணப்பத்தோடு நான் வைக்கச் சொல்வது: நிறுவனத்தின் முன்பதிவு உறுதிக் கடிதம், நாள்வாரிப் பயணத் திட்டம், ஆட்ட அட்டவணை, உங்கள் கிளப் உறுப்பினர் கடிதம். அட்டவணையை எழுத்தில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பயண நோக்கம் என்னவென்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: சுற்றுலா, இடையில் ஊதியமோ பரிசுப் பணமோ இல்லாத நட்பு ஆட்டங்கள். பரிசுப் பணம் உள்ள போட்டியில் பெயர் கொடுத்திருந்தால் அது சுற்றுலா விசாவில் அடங்குமா என்று தூதரகத்தின் அதிகாரப்பூர்வ விதிகளைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

6. பவுல்களைச் சுமப்பதா, அங்கே வாங்கி ஆடுவதா

ஒரு பவுல் ஒன்றரை கிலோ. நான்கு சேர்ந்தால் ஆறு கிலோ, பை தனி. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி, பெட்டிக்கு 20 அல்லது 23 கிலோ. ஒரு செட்டை வைத்தாலே பெட்டியில் கால்வாசிக்கு மேல் போய்விடும்.

கைப்பையில் கொண்டுபோகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடை ஒத்துவந்தாலும், பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் அந்தக் கனமான உருண்டையை ஆயுதமாகக் கருதினால் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். போகும்போது விட்ட விமான நிலையம் திரும்பும்போது விடும் என்றும் சொல்ல முடியாது. பெட்டியிலேயே வையுங்கள். துணையோடு போகிறீர்கள் என்றால் இரண்டு இரண்டாகப் பிரித்து இரு பெட்டிகளிலும் வையுங்கள், எடையும் சமமாகும். ஒவ்வொன்றையும் காலுறைக்குள் போட்டு, சக்கரம் இருக்கும் பக்கமாக அடியில் அடுக்கினால் பெட்டி சாயாது. உங்கள் பவுலின் அளவு எண், மாடல், சின்னம் ஆகியவற்றைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் காப்பீட்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் அதுதான் சான்று.

கடன் வாங்கி ஆடுவதில் தவறே இல்லை. பல கிளப்புகள் விருந்தினருக்கு பவுல் தரும். உங்கள் அளவு எண்ணை முன்கூட்டியே தெரிவித்தால் எடுத்து வைப்பார்கள். மெதுவான கிரீனுக்கென்று வாங்கிய, நன்றாக வளையும் பவுலைச் சுமந்துபோய் நியூசிலாந்தின் வேகத் தரையில் கட்டுப்படுத்தத் திணறுவதைவிட, அங்கே ஆடுகிறவர்கள் பயன்படுத்தும் குறுகிய வளைவுப் பவுலைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் கை சிறியவர்கள், அளவு 0 அல்லது 00 பயன்படுத்துகிறவர்கள், சொந்த செட்டைக் கொண்டுபோங்கள். அந்த அளவு எல்லாக் கிளப்பிலும் இருக்காது.

பவுல் விதிப்படி இருக்கிறது என்று காட்ட அதில் ஆண்டோடு ஒரு முத்திரை இருக்கும். நட்பு ஆட்டத்தில் அந்த ஆண்டை யாரும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பயணத்தில் ஒரு போட்டியும் இருந்தால் அதன் விதித்தாளில் முத்திரை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

7. ஷூ, உடை

அடிப்பாகம் தட்டையாக, குதிகால் மேடு இல்லாத ஷூ இல்லாமல் கிரீனில் ஏற விடமாட்டார்கள். சாதாரண விளையாட்டு ஷூவின் பல்வரிசை அடி, தரையைக் கிழித்துவிடும்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மண் ஒட்டிய ஷூவும் விளையாட்டுப் பொருளும் அங்கே உயிரியல் பாதுகாப்பு விதிக்குள் வரும். கிளம்பும் முன் அடிப்பாகத்தைக் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் விளிம்புகளைத் தேய்த்து, நன்றாகக் காய வைத்து எடுத்துப்போங்கள். பவுல்களின் வரிப்பள்ளங்களையும் துடையுங்கள். நுழைவுப் படிவத்தில் பயன்படுத்திய விளையாட்டுப் பொருள் இருப்பதைத் தயங்காமல் குறியுங்கள். குறித்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். குறிக்காமல் பிடிபட்டால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். ஷூவைப் பெட்டியின் மேல்பகுதியில் வைத்தால் திறந்து காட்டுவது எளிது.

உடையைப் பொறுத்தவரை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெள்ளையா, வண்ணச் சட்டையா என்று அட்டவணையிலேயே எழுதி வாங்குங்கள். பழைய கிளப்புகள் சில, ஆட்டத்துக்குப் பிந்தைய விருந்துக்குக் கோட்டும் டையும் எதிர்பார்க்கும். மழைச் சட்டை ஒன்று கட்டாயம். தூறலுக்கெல்லாம் ஆட்டம் நிற்காது.

8. டூர் மேனேஜரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை

முதலில் பவுல் விடும் லீட், அடுத்து செகண்ட், தேர்ட், கடைசியில் விட்டு அணியை நடத்தும் ஸ்கிப் என்பதில் நீங்கள் வழக்கமாக ஆடும் இடம், எத்தனை ஆண்டு ஆடுகிறீர்கள், வலக்கையா இடக்கையா, குனிய முடியாமல் கருவியால் பிடித்து விடுகிறீர்களா, தொடர்ந்து எத்தனை எண்ட் (எல்லோரும் தங்கள் பவுல்களை விட்டு முடிக்கும் ஒரு சுற்று) நிற்க முடியும், உணவு ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. புதிதாக ஆடுகிறவர் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். லீடாகப் போட்டு, அனுபவமுள்ள ஸ்கிப்பைக் கூட வைப்பார்கள். மாத்திரைகளை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

9. ஆட்ட நாளன்று

அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கிரீனின் எந்தப் பக்கம் அதிகம் வளைகிறது என்று அங்கே ஆடுகிறவர்களைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பல கிளப்புகளில் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒரே ஜாக்கை நோக்கி ஒரே நேரத்தில் பவுல் விடும் "ஸ்பைடர்" விளையாட்டும், சாப்பாட்டின்போது குலுக்கல் சீட்டும் உண்டு. அதற்கு அந்த நாட்டுச் சில்லறை கையில் இருக்கட்டும். கிளப் கொடி, பேட்ஜ் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. உங்கள் கிளப் பேட்ஜ்களைக் கைநிறையக் கொண்டுபோங்கள்.

ஆட்டம் முடிந்ததும் களைப்பாக இருக்கிறது என்று பேருந்தில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களோடு ஆடிய எதிரணியினர் சாப்பாட்டு மேசையில் உங்களுக்காக இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கிளப்பின் தொண்டர்கள் காலையிலிருந்து சமைத்திருப்பார்கள். இந்தப் பயணங்களின் சுவையே அந்த மேசைதான் என்று நான் மனதார நம்புகிறேன்.

10. ஏதாவது சரியில்லை என்றால்

ஆட்டம் ரத்தானது, அறை சரியில்லை, சொன்ன பேருந்து வரவில்லை என்றால் அன்றே டூர் மேனேஜரிடம் சொல்லி, அதே செய்தியை எழுத்திலும் அனுப்புங்கள். சரிசெய்ய அவருக்கு வாய்ப்பே கொடுக்காமல் வீடு திரும்பிப் புகார் எழுதினால் அதன் பலம் பாதியாகிவிடும். கீழே விழுந்து அடிபட்டால் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் காப்பீட்டின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். அனுமதி பெறாத பெரிய செலவுகளைச் சில பாலிசிகள் திருப்பித் தருவதில்லை. பெட்டியோ பவுலோ வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார்ப் படிவம் நிரப்பி அதன் நகலை வாங்குங்கள். ரசீது, போர்டிங் பாஸ், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கோரிக்கைப் பணம் வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.